இருபத்தோரு நிமிடம்

பதினொன்றரை மணிக்கு வீட்டை ஒட்டிய பாட்டுப் பதிவு அறையில் இருந்தவர்கள்: அண்ணி, டிரம்ஸ் வாசிக்கும் லோடு, பேஸ் கிடார்காரர், தம்பி, நாற்காலியில் அண்ணன். அண்ணனை இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. கிடாரின் ஒலிபெருக்கி ஆம்ப் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"தலையைத் தூக்கிப் பிடிங்க. கிடார் பட்டை கழுத்துல மாட்டியிருக்கு" என்றான் லோடு. சுமை வண்டி ஓட்டுகிறவன். பீரோவையே தனியாக இறக்குவான். ஒரு கிடாரைக் கழற்ற இரண்டு பேரைக் கூப்பிட்டான்.

"அந்த ஆம்ப்பை நிறுத்துடா" என்றார் பேஸ்காரர். தம்பி நிறுத்தினான்.

அவர்கள் பதிந்துகொண்டிருந்த ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. கடைசிப் பாட்டு இருபத்தோரு நிமிடம். "கேக்குறவன் நடுவுல போய்க் குளிச்சிட்டு வந்துடலாம்" என்று லோடு கிண்டல் செய்வான். ஈரல் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அண்ணன் அதையேதான் வாசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. "ஒரே பாட்டை ரெண்டு டேக் பதிஞ்சு வெச்சா ரெண்டையும் நம்ப மாட்டோம்டா. பழசு மேலேயே அடி."

செவ்வாய்க்கிழமை அந்தப் பாட்டை முழுசாக வாசித்துப் பதிந்ததைக் கேட்டு லோடு கூட வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இன்று காலை அண்ணி, லோடு, பேஸ்காரர் மூவரும் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் தம்பியை அழைத்து, "கடைசி நாலு நிமிஷம் பொய்யா இருக்கு. முதல்லேருந்து போலாம்" என்றான்.

"அண்ணே, அது நல்லாத்தானே இருக்கு."

"நீயா வாசிச்ச? அடி."

பக்கத்திலேயே ஒரு டிராக் காலியாக இருந்தது. அதில் பதிந்திருக்கலாம். அண்ணன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தம்பி பழசு மேலேயே பதிவு பட்டனை அழுத்தினான்.

ஆறாம் நிமிடத்தில் கிடார் ஓய்கிற இடம் வரும். ஏற்கெனவே பதிந்து வைத்த டிரம்ஸும் பேஸும் மட்டும் நெடுநேரம் போகும். அண்ணன் தலையைக் கவிழ்த்துக் காத்திருப்பான். இன்றும் கவிழ்த்திருந்தான். திரும்ப நுழைய வேண்டிய இடம் வந்தது, போனது. புதிதாக ஏதோ யோசிக்கிறான் என்று தம்பி நினைத்தான். குறுக்கே பேசினால் அண்ணனுக்குப் பிடிக்காது. டேப் பழைய கிடாரை அழித்துக்கொண்டே கடைசிவரை ஓடியது.

உடலை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அண்ணி தம்பியிடம் வந்து நின்றாள்.

"பாட்டை முடிச்சிட்டாரா?"

"முடிச்சிட்டாரு அண்ணி."

"முழுசாவா?"

"முழுசா."

லோடு சுவரில் சாய்ந்து அழுதான். "முடிச்சிட்டுத்தான்யா போயிருக்கான்."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆளுங்க வர்றதுக்குள்ள ஒரு தடவை கேட்டுடறேன். எந்த பட்டன்?"

"இப்ப வேணாம் அண்ணி."

"பச்சையா?"

"…பச்சைதான்."

தம்பி பதிவு அறை வரை அவள் பின்னாலேயே போனான். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை அது. உள்ளே என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. வாசிக்கும்போது யாரும் திறந்துவிடக் கூடாதென்று அண்ணனே உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தான்.

"அண்ணி" என்றான்.

அவள் திரும்பவில்லை. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.