மகாராணியின் பிரேக்

எழுந்தான். பால் காய்ச்சினான். மகளை எழுப்பினான், அவள் எழவில்லை, மறுபடி எழுப்பினான். பல் தேய்த்துவிட்டான். தலை பின்னினான். ஒரு பின்னல் மேலேயும் மற்றது கீழேயுமாக வந்தது. டிபன் டப்பாவை மூடினான். வாசலுக்கு வந்து காரின் பானட்டைத் தூக்கி, பாட்டில் தண்ணீரை இரண்டு டப்பாக்களில் ஊற்றினான். பானட்டை மூடினான். கிளம்பினார்கள்.

மனைவி இறந்த பிறகு இதுதான் அவனுடைய காலை. எல்லாம் அவள் செய்தபடிதான். அவள் செய்ததாக அவன் நினைத்தபடி.

கார் இவர்களுக்கு முன் இரண்டு பேரிடம் அடிபட்டு வந்தது. ஸ்டார்ட் செய்தால் பெல்ட் வீலென்று கத்தும். பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரத்துக்கு மேலே ஏதோ கடகடவென்று ஆடும். பின்கதவுக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினால்தான் ஏறும். அவள்தான் ஓட்டுவாள். அவன் லைசென்ஸைப் பர்சில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவன். "மகாராணிக்கு இன்னைக்கு மூட்டு வலி" என்று அவள் சொன்னால் சிரிப்பான். இப்போது அதே சத்தம் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்தான்.

"மகாராணிக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்" என்று அவள் தினமும் பாட்டிலோடு போவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். தெரிந்ததெல்லாம் தூக்கிய பானட்டும் அவள் முதுகும்தான். எந்த மூடியைத் திறந்தாள் என்று தெரியவில்லை. கேட்கவும் தோன்றியதில்லை. பிறகு ஒருநாள் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பானட்டைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக இரண்டு டப்பா, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மூடியில் எழுதியிருந்தது எப்போதோ அழிந்துவிட்டது. இரண்டுமே கோட்டுக்குக் கீழே இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலும் ஊற்றினான். விளக்கு அணைந்தது. பல நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்ததுபோல் இருந்தது. அதிலிருந்து தினமும் இரண்டுக்கும் ஊற்றினான். சின்னதுக்கு ஒரு மடக்குதான் பிடித்தது.

வீடு மேட்டில். பள்ளிக்கூடம் கீழே. நடுவில் நீளமான இறக்கம். அன்று முன்னால் ஒரு ஜல்லி லாரி ஆமைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. வழி முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்துப் போனான்.

"அப்பா, ஏதோ தீயுது."

"லாரிம்மா."

லாரி பக்கத்துத் தெருவில் திரும்பியது. கடைசி இறக்கம். கீழே பள்ளிக்கூட வாசல் தெரிந்தது. காவலாளி பலகையை நீட்டி நிற்க, பிள்ளைகள் வரிசையாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவன் பிரேக்கை மிதித்தான்.

பஞ்சை மிதித்ததுபோல் கால் உள்ளே போய்த் தரையில் முட்டியது.

எடுத்து மறுபடி மிதித்தான். ஒன்றுமில்லை. மறுபடியும். வண்டிக்கு வேகம் கூடியது. காதுக்குள் கும்மென்று அடைத்துக்கொண்டது. ஹாரனை அழுத்தினான், அது பாதி நாள் வேலை செய்யாது, அன்றும் செய்யவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு சிறுமி கழன்ற ஷூவைப் போட்டுக்கொள்ள நடுச்சாலையில் குனிந்தாள். அவன் கை கியரைக் கீழே தள்ளியது. இன்ஜின் அலறியது. அதே கை ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தது. பின்பக்கம் ஒருபுறமாக ஒதுங்கியது. கார் மதில் சுவரில் உரசிக்கொண்டே போய், உரசிக்கொண்டே போய், நின்றது. பலகை இரண்டு அடி தள்ளி இருந்தது. பலகைக்குப் பின்னால் காவலாளியின் கண்கள் மட்டும் தெரிந்தன.

டிபன் டப்பா உருண்டு வந்து அவன் காலில் இடித்தது.

"சூப்பர்ப்பா," என்றாள் மகள். "இன்னொரு வாட்டி போலாமா?"

ஹேண்ட்பிரேக்கிலிருந்து அவன் விரல்கள் வரவில்லை. காவலாளி கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

மனைவியின் அண்ணன் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வண்டியைக் கட்டி இழுத்துப் போனதும் அவர்தான். சின்ன டப்பாவின் மூடியைத் திருகி விரலை விட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"யாரு மாப்ள இதுல தண்ணி ஊத்தினது?"

"நான்தான் மச்சான். தெனமும்."

"தெனமுமா? பூச்செடின்னு நெனச்சீங்களா?" சத்தமாகச் சிரித்தார். "பிரேக் ஆயில் மாப்ள இது. தண்ணி கலந்தா சூட்டுல கொதிச்சு ஆவியாயிடும். ஆவிய மிதிச்சா வண்டி நிக்குமா? என் தங்கச்சி ஊத்தினது பக்கத்து டப்பால. ரேடியேட்டர் ஒழுகுது, அதுக்கு."

மகள் ஒரு பழைய டயருக்குள் உட்கார்ந்து மீதி டிபனைத் தின்றுகொண்டிருந்தாள். மச்சான் அவளைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"பிரேக் மொத்தமும் மாத்தணும். கட்டை தேஞ்சு ஆயில் எறங்கியிருக்கு, அதான் நீங்க சொன்ன விளக்கு எரிஞ்சிருக்கு. ரேடியேட்டர், முன்னாடி கடகடங்குற புஷ், கத்துற பெல்ட். கிளட்ச் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. கூட்டிப் பாத்தா வண்டி வெலையத் தாண்டிடும். இரும்புக் கடையில போட்டுட்டு பஸ்ல போங்க மாப்ள."

"பிரேக்கும் ரேடியேட்டரும் பாருங்க. மத்தது அப்புறம்."

"பிடிவாதம்."

"அவ வண்டி மச்சான்."

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களில் பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மகளின் இருமல் மருந்தை ஸ்பூனில் ஊற்றிவிட்டு நின்றான். இந்த ஸ்பூனா, மூடியில் இருக்கும் அளவா? கேஸை மூடிவிட்டு வந்து, மறுபடி போய்ப் பார்த்தான். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தே கற்றுக்கொண்ட வேலைகள்தான் எல்லாம். இன்னும் எந்த டப்பாவில் எதை ஊற்றிக்கொண்டிருக்கிறானோ. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மருந்தைக் காட்டினான். சரிதான் என்றாள். ஆனாலும் ஊற்றிய ஸ்பூனை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தான்.

வண்டி தயாரானதும் மச்சான் அவனையே ஓட்டச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மகளை அக்காவிடம் விட்டிருந்தான். இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்கினான். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மிதித்தான். நின்றது. கொஞ்சம் போய் மறுபடி மிதித்தான். நின்றது.

"போதும் மாப்ள, எனக்கு வாந்தி வருது," என்றார் மச்சான்.

திரும்பி மேடேறி வீட்டு வாசலில் நிறுத்தினான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான்.

"அன்னைக்கு இது மட்டும் எப்படிப் பிடிச்சுது?"

"புது கேபிள். போன வருஷம் தங்கச்சி வந்து நின்னா. மேட்டு வீடு, மாத்திக்குடுன்னா. பழசே போதும், காசு வேஸ்ட்டுன்னேன். கேக்கலையே. சண்டை போட்டு மாத்திட்டுப் போனா." அவர் வெளியே பார்த்தார். "கடைசியா உங்ககிட்டதான பேசினா. குழந்தையப் பாத்துக்கங்கன்னு சொன்னாளாமே."

"அது அத்தை சொன்னது. அப்படித்தானே சொன்னான்னு கேட்டாங்க. தலையாட்டிட்டேன்."

"அப்ப என்னதான் சொன்னா?"

அவளைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் வாசலும் ஒரு சரிவுதான். காரை அப்படியே விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஓடினான். முதல் தடவையாக அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவன் ஓட்டி வந்திருந்தான். ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

லீவரை இன்னொரு பல் மேலே இழுத்துவிட்டு அவன் சொன்னான்.

"'வண்டிக்கு ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?'"