கையால் துவைக்கிறோம்

அந்த வருடத்துப் பசுமை விருது கணக்காளருக்குத்தான் என்று அறிவித்ததும் அலுவலக அரங்கில் கைதட்டல் காதைப் பிளந்தது. அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"பெரிசா ஒண்ணும் செய்யலைங்க, சின்னச் சின்னப் பழக்கம்தான்," என்று மைக்கில் ஆரம்பித்தார் அவர். "வாஷிங் மெஷினைத் தூக்கிக் கொடுத்துட்டோம். துணியெல்லாம் கையாலதான் துவைக்கிறோம். அலசுன தண்ணியைக்கூட வீணாக்காம மாடிச் செடிக்குக் கொண்டுபோறோம்."

ஒவ்வொரு 'றோம்'முக்கும் அவளுக்குச் சுருக்கென்றது. வாளி தூக்கித் தூக்கித் தோள்பட்டை விட்டுப்போனது அவளுக்குத்தான். அவர் அந்த வாளியைத் தொட்டதுகூட இல்லை.

மேலாளர் மைக்கை அவளிடம் நீட்டினார். "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா."

"துவைக்கிறது நான்தாங்க. தண்ணி தூக்குறதும் நான்தான். இவரு விருதை மட்டும் தூக்குவாரு."

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீடு திரும்பும் வழியில், "சபையையே கலகலப்பாக்கிட்டியே!" என்று மெச்சினார்.

மறுநாளிலிருந்து அவருடைய துணிகளைத் துவைப்பதை அவள் நிறுத்தினாள். அழுக்குச் சட்டைகள் குளியலறையில் குவிந்தன.

"என்ன இது?" என்றார்.

"கை வலிக்குது. நீங்களே துவைச்சுக்கோங்க."

"அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன்," என்றார் பெருந்தன்மையாக. மாலையில், பளபளக்கும் பிளாஸ்டிக் உறைகளில் ஆறு புதுச் சட்டைகளோடு வந்து நின்றார். "பாவம், உனக்கும் ஓய்வு வேணும்ல?"

அடுத்த வாரம் அந்த ஆறும் குவியலில் சேர்ந்தன.