அட்டை கடிக்கும் இடம்

"இறுக்கிப் பிடிட்டி, சரிஞ்சிரப் போவுது!" என்று பின்சீட்டிலிருந்து அம்மா மாடம்மாள் கத்தினாள்.

ஷிஜா மடியிலிருந்த மண்கலயத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் கைபேசியில் அப்பாவின் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். கலயத்துக்குள் அப்பா ராஜையன் இருந்தார். காலையில்தான் சாந்திகவாடம் சுடுகாட்டில் சாம்பலை வாங்கினார்கள்.

அதிகம் பேர் போகாத இடங்களை வரைபடத்தில் குறித்து ஊருக்குச் சொல்கிற இணையதளம் அது. கிழக்கேகோட்டையில் மின்விசிறி பழுது பார்த்தவருக்கு ஞாயிறு வந்தால் ஸ்கூட்டரும் அதுவும்தான் கதி. கண்ட அருவி, கண்ட பாறை, கண்ட டீக்கடை எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் வாரிக் கொடுத்திருந்தார், மகராசன். ஆஸ்பத்திரியில், "எனக்கு ரொம்பப் பிடிச்ச எடத்துத் தண்ணியில விடுங்க" என்றார். எந்த இடம் என்று ஷிஜா கேட்டதற்கு, "மேப்புல கெடக்கு, பாரு" என்று சிரித்தார். மறுபடி கேட்க வாய்க்கவில்லை.

நிறையப் பேர் விரும்பிய அருவிக்குத்தான் முதலில் போனார்கள். அங்கே கல்யாண போட்டோ எடுப்பு. மணப்பெண் கலயத்தைப் பார்த்துவிட்டு, "சேச்சி, பாயசமாணோ?" என்று மலையாளத்தில் ஆசையாகக் கேட்டாள். தம்பி பிரஜின் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினான்.

"பேசாம சங்குமுகம் கடல்ல விட்டிரலாம்க்கா. ராத்திரி எனக்கு ஃபிளைட்டாக்கும்," என்றான் இப்போது, வண்டியை ஓட்டிக்கொண்டே.

ஷிஜாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்பா கடைசியாகக் கேட்டது இது ஒன்றுதான். இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன பிள்ளை?

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டா எப்பிடிம்மா கண்டுபிடிக்க? ஒண்ணே ஒண்ணுக்குத்தான் ஒரு ஸ்டார். பொன்முடி போற வழியில. 'அட்டைக் கடி. வழி மோசம். பார்க்க ஒன்றும் இல்லை. யாரும் வர வேண்டாம்.'" என்று வாசித்தாள் ஷிஜா.

பின்சீட்டில் மாடம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"உப்பில்லாத மீன் கொழம்ப ரெண்டாவது தடவ வாங்கித் தின்ன மனுசன். என்னைக்காவது குத்தம் சொல்லியிருக்காரா? விருந்தாளி வந்தா மட்டும் நல்ல பலாச்சக்கையக் கட்டிலுக்கடியில தள்ளிட்டு, அழுகிப்போச்சும்பாரு. கள்ளன்! அங்க விடுலே வண்டிய."

விதுரா தாண்டியதும் மாடம்மாள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். வளைவில் குமட்டும் என்றுதான் அவள் ஒரு ஞாயிறுகூட அவரோடு வந்ததில்லை.

ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கினால் ஓடை. ஆள் நடமாட்டம் இல்லை. தரை தெரியும் தண்ணீர். நடுவில் ஒருவர் காலை நீட்டி உட்காரத் தோதான பாறை. அட்டை மட்டும் நிஜம்தான். பிரஜின் குதித்த குதியில் மரத்திலிருந்த குரங்கு பயந்துவிட்டது.

பிறகு அவன் கலயத்தைச் சாய்த்தான். சாம்பல் அந்தப் பாறையை ஒருமுறை சுற்றிவிட்டுப் போனது. மூன்று பேரும் அது போவதையே பார்த்தார்கள்.

மாடம்மாள் மெல்லப் பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டாள். பக்கத்தில் ஷிஜா கைபேசியை எடுத்தாள். அப்பாவின் குறிப்புக்குக் கீழே யாரோ, 'அடுத்த வாரம் வரலாமா?' என்று கேட்டிருந்தார்கள். அவள் ஒரே ஒரு நட்சத்திரத்தை அழுத்தினாள்.

"என்னட்டி எழுதுத?"

"அட்டை ஜாஸ்தி, வராதீங்கன்னு."

"வழியும் மோசம்னு போடு," என்றாள் மாடம்மாள், காலைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல்.