வேர் மூடிய பல்

அம்மா இறந்துபோன பிறகு அநாதை விடுதிக்கு வந்த இரட்டைப் பிள்ளைகள் அவர்கள். முந்திக்கொண்டு பிறந்த பெண் பெரியவ, பின்னாலேயே பிறந்த பையன் சின்னவன். சண்டை முற்றினால், "மூத்தவ சொல்றேன், வாயை மூடு" என்று ஒரே போடாகப் போடுவாள் பெரியவ. அவனும் முணுமுணுத்துக்கொண்டே அடங்கிப்போவான்.

இருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பதினெட்டு ஆனவர்களை வெளியே அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததும், வார்டன் அம்மா இருவரையும் பல் டாக்டரிடம் இழுத்துப் போனார். தாடையை எக்ஸ்ரே எடுத்து, கடைசிக் கடைவாய்ப்பல்லின் வேரைப் பார்த்தால் வயது ஓரளவு தெரிந்துவிடுமாம்.

வெளிச்சப் பலகையில் இரண்டு படமும் ஒட்டினாற்போல் தொங்கின. சின்னவனுக்கு வேர்நுனி மூடிவிட்டிருந்தது. பெரியவளுக்கு இன்னும் திறந்தே இருந்தது.

"பையனுக்குப் பதினெட்டு, பொண்ணுக்குப் பதினாறு. முன்னப்பின்ன இருக்கலாம்மா."

"நாங்க ரெட்டைங்க சார்!" என்றாள் பெரியவ.

"இருக்கலாம். ரெட்டைன்னாலும் பல்லு ஒண்ணுபோல வளரணும்னு இல்ல. அதையும் எழுதித்தான் தர்றேன்."

எழுதித்தான் கொடுத்தார், பாவம். வார்டன் அம்மாவுக்குத்தான் எரிச்சல். "முன்னப்பின்னன்னா எந்தத் தேதியில நான் அனுப்புறது? ரெட்டைன்னு யாரு சாட்சி?"

"எங்கம்மா."

"கூட்டிட்டு வா."

பெரியவ விடவில்லை. "அப்போ எனக்கும் பதினெட்டுன்னு போடுங்க. நானும் இவன்கூடப் போயிடறேன்."

"உன் பல்லு அப்படிச் சொல்லலையே."

"பல்லு சொன்னா கேக்குறீங்க, வாய் சொன்னா கேக்க மாட்டீங்களா?"

அந்த வாரமே சின்னவன் மூட்டை கட்டினான். மூட்டையென்ன மூட்டை, ரெண்டு சட்டை, ஒரு போர்வை. லாரி பழுது பார்க்கும் இடத்தில் வேலை, அங்கேயே படுக்கை.

உறவினர் பார்க்கவரும் நாளில் வந்து நின்றான். கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் பெரியவ காத்திருந்தாள்.

"யாரைப் பாக்கணும்?" என்றார் காவல்காரர்.

"எங்கக்காவ."

அவர் காகிதத்தைப் புரட்டினார். "உனக்கு அக்கா யாரும் இல்லியேப்பா. தங்கச்சின்னுல்ல போட்டிருக்கு? வேற யாராச்சும்னா உள்ள விட முடியாது."

சின்னவன் கம்பிவழியே அவளைப் பார்த்தான். அவன் கையெல்லாம் கிரீஸ். முகம் பாதியாகியிருந்தது. கையைக் கழுவிட்டு வாடா, மூத்தவ சொல்றேன் என்று அவளுக்குத் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

"வாங்கண்ணே," என்றாள், காவல்காரர் காதில் விழும்படி.

கதவு திறந்தது. அவன் தலை நிமிராமல் உள்ளே வந்தான்.