கொன்ற கிருமி எங்கே போயிற்று?

பற்றிக் அங்கிளின் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் அறையின் மறுமூலையில் நின்ற மேர்லினுக்குக் கேட்டது.

கல்லடியில் வாவியைப் பார்த்தபடி இருந்த அந்தச் சின்னச் சிறுநீரக நிலையத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் மெசின்கள் மூன்றே மூன்று. பொறுப்பு நேர்ஸ் மேர்லின். பெருநாள் விடுமுறையும் தாங்கி கழுவும் வேலையுமாக ஐந்து நாள் மூடிக்கிடந்து, புதன்கிழமையான இன்றுதான் திறந்திருந்தார்கள். எட்டு மணிக்கு இரண்டு பேரை மெசினில் ஏற்றியாயிற்று. ஒருவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பற்றிக். மற்றவர் செட்டிபாளையத்து றெபேக்கா ரீச்சர்.

"என்ன அங்கிள், ஏசி கூடிப்போச்சா?"

"ஏசியா? புள்ள, என்னைப் பிடிச்சு மீன் லொறிக்குள்ள ஐஸோட போட்டுப் பூட்டினாப்போல இருக்கு."

பகிடி விட்டாலும் அவருடைய கட்டிலே குலுங்கியது. வரும்போது இல்லாத காய்ச்சல் இப்போது நூற்றிரண்டு. இரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது. மேர்லின் மெசினின் பம்பை நிறுத்தி, கால்மாட்டை உயர்த்தி, சேலைனைத் திறந்துவிட்டாள்.

"நேற்று மழையில நனைஞ்சிருப்பார் மிஸ்," என்றான் அஸாம். தண்ணீர்ச் சுத்திகரிப்புப் பகுதி அவன் பொறுப்பு. காத்தான்குடிப் பிள்ளை, கைவேலையில் கெட்டிக்காரன். நிலையத்துத் தண்ணீரில் குறை என்று யாரும் இதுவரை அவனுக்குச் சொன்னதில்லை.

மேர்லின் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் றெபேக்கா ரீச்சரின் குரல் வந்தது.

"மிஸ்... எனக்கும் குளிருது."

ரீச்சர் செட்டிபாளையம், பற்றிக் கல்லடி. இரண்டு பேரும் ஒரே மழையில் நனையவில்லை. ஆனால் மெசினுக்குள் இரண்டு பேருடைய இரத்தத்தையும் கழுவுவது ஒரே தண்ணீர்.

அவள் ரீச்சரின் பம்பையும் நிறுத்தினாள். "யாரையும் இனி ஏத்திறல்ல. தண்ணியிலதான் பிழை."

"தண்ணியிலயா?" அஸாம் மேசைக்கு ஓடி ஒரு தாளை எடுத்து வந்தான். "திங்கட்கிழமை குளோரின் போட்டு அடிச்சுக் கழுவிட்டுத்தான் சாம்பிள் அனுப்பின. இந்தா, காலையில வந்த ரிப்போட். கிருமி ஒண்டும் வளரல்ல. ஒண்டுகூட இல்ல மிஸ்!"

தாளில் அப்படித்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஆசியா உம்மா. அஸாமின் மாமி, மனைவியைப் பெற்றவர். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் குடியிருப்பது அவருடைய வீட்டில்தான். மூன்றாவது மெசின் அவருக்கு உரியது.

"மருமகன், காலைத் தூக்கி வைக்க ஏலாமக் கிடக்கு. கல்லுக் கட்டினாப்போல."

மேர்லின் அவரை நாற்காலியில் இருத்தி, நெஞ்சில் வயர்களை ஒட்டினாள். ஈசிஜி தாள் வெளியே வர வர அதைக் கையில் ஏந்திப் பார்த்தாள். அலைகள் கூடாரம் அடித்தாற்போல் கூர்கூராய் எழுந்து நின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கிடக்கிறது. இப்படியே விட்டால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம்.

"உம்மா, பெருநாளைக்கு என்ன சாப்பிட்ட நீங்க?"

"ஒண்டுமில்ல மகள். ரெண்டு பேரீச்சம்பழம்."

"ரெண்டா?"

"ரெண்டு ரெண்டாத்தான் தின்ட. எத்தினை தரமெண்டு எண்ணல்ல."

பேரீச்சம்பழம் முழுக்கப் பொட்டாசியம். அதை வெளியேற்றும் மெசினில் கடைசியாக அவரை ஏற்றி ஒரு கிழமை ஆகிவிட்டது. வேறு நாளாயிருந்தால் மேர்லின் சிரித்திருப்பாள்.

"கெதியா ஏத்துங்க மிஸ்!" அஸாமின் குரல் உயர்ந்தது. "மாமிக்கு இப்ப மெசின் வேணும். இதப் பாத்தாத் தெரியல்லயா?"

"ஏத்தினா இவங்களுக்கு வந்தது உம்மாவுக்கும் வரும். பிரஷர் விழுந்தா இந்த இதயம் தாங்காது."

"ஏத்தாட்டியும் மௌத்தாயிருவாதானே! ரிப்போட் கையில இருக்கி. நான் கழுவின தண்ணி. என்ர மாமியையே நான் ஏத்திக் காட்டுறன்."

சொல்லிக்கொண்டே அவன் மூன்றாவது மெசினின் சுவிட்சைப் போட்டுவிட்டான். பச்சை விளக்கு எரிந்தது.

ஆசியா உம்மா மெல்லக் கையை நீட்டினார். "ஏத்தட்டும் மகள். மருமகன் என்னைக் கொல்லவா போறாரு?"

மேர்லின் தொலைபேசியில் டொக்டர் நிலோஜனைப் பிடித்தாள். அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் மெசின்ல ஏறினபிறகுதானே குளிர் வந்தது?"

"ஓம் டொக்டர். ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள்ள. ஆனா ரிப்போட்டில கிருமி இல்ல."

"உயிரோட இல்லையெண்டுதான் அதுக்கு அர்த்தம். அஸாம், கேக்குதா? நீ கொன்ற கிருமியெல்லாம் எங்க போச்சு?"

அஸாம் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தான். டொக்டரே தொடர்ந்தார்.

"தண்ணியில பெருகிற சில கிருமிகளுக்கு மேல்தோலிலதான் நஞ்சு. செத்து உடைஞ்சா அந்தத் தோல் தூளாகித் தண்ணியில கலக்கும். முழுக் கிருமிக்கு, தண்ணியையும் இரத்தத்தையும் பிரிக்கிற மெசின்ர சவ்வைத் தாண்ட ஏலாது. தூளுக்கு ஏலும். குளோரினுக்கும் அது அழியாது, கொதிக்க வைச்சாலும் போகாது. இரத்தத்தில இருக்கிற வெள்ளை அணு அதைக் கண்டா உயிருள்ள படையே உள்ள வந்திட்டுதெண்டு நினைக்கும். ஆளில்லாத வெறும் சட்டையெண்டு அதுக்குத் தெரியாது. காய்ச்சலை ஏத்தும், இரத்தக்குழாயெல்லாம் விரியும். எல்லாக் குழாயும் ஒரேயடியா விரிஞ்சா பிரஷர் எங்க நிக்கும்? நஞ்சு செய்யிறதை விட, அதுக்குப் பயந்து உடம்பு தனக்குத்தானே செய்யிறதுதான் கூட. ஆசியா உம்மாவை ஏத்தவேண்டாம். கல்சியம் ஊசியை மெதுவா ஏத்துங்க, பிறகு பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோசும். அம்புலன்சை நான் அனுப்புறன். இஞ்ச மெசின் ஒண்டு ஒழுங்கு பண்ணுறன்."

மேர்லின் ஊசியை எடுத்தாள். கல்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்துக்கு முன்னால் ஒரு கதவைச் சாத்தி வைக்கும், அவ்வளவுதான். அந்தக் கதவு அரை மணித்தியாலம் தாங்கும். அதிர்ஷ்டமிருந்தால் இன்னும் கொஞ்சம்.

அஸாம் மெசினருகே நின்ற இடத்திலேயே நின்றான். பற்றிக் நடுங்கும் கையால் போர்வையை இழுக்க, அது நழுவி நழுவி விழுந்தது. அவருடைய உதட்டில் நிறமில்லை. அஸாம் போய்ப் போர்வையை எடுத்துக் கழுத்துவரை மூடிவிட்டான்.

"தம்பி," என்றார் பற்றிக், "என்ர பஸ்ஸிலயும் எஞ்சின் நல்லமெண்டுதான் மெக்கானிக் எப்பவும் சொல்லுவான். தள்ளினது பயணிகள்."

அஸாமின் முகம் சுருங்கிப்போயிற்று. அவன் திரும்பி வந்து மூன்றாவது மெசினின் சுவிட்சை அணைத்தான்.

"மிஸ், தாங்கி கழுவத்தான் ரெண்டு நாள் கூடுதலா மூடினதெண்டு சொன்னது பொய். பெருநாளைக்குப் போகக்குள்ள நான் மெயின் சுவிட்சை இறக்கிட்டுப் போன."

"என்ன?"

"மின்னல் காலம்தானே. வீட்டைப் பூட்டிட்டு வெளிக்கிடக்குள்ள நாங்க எல்லாரும் இறக்கிறதானே. கை பழக்கத்தில இறக்கிட்டுது. மூணு நாள் பைப்புக்குள்ள தண்ணி ஓடாம நிண்டிருக்கு. திங்கட்கிழமை வந்து தொட்டா, உள்ள வழுவழுண்டு பாசியாட்டம். பயந்துபோய் ரெண்டு மடங்கு குளோரின் போட்ட. எல்லாக் கிருமியையும் சாகடிச்சிட்டனெண்டு நினைச்சன்."

ஆள் இல்லாவிட்டாலும் அந்தக் குழாய்களில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மேர்லினுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் விரல் ஊசியை மெதுவாகத் தள்ளவேண்டியிருந்ததால் கத்த முடியவில்லை.

"உம்மா, என்னோட கதைச்சிட்டே இருங்க."

"என்னத்தக் கதைக்கிற மகள்? கண் சொக்குது."

"மருமகனைப் பற்றி ஏதாவது குறை சொல்லுங்க."

"அதெண்டா விடியுமட்டும் சொல்லலாம்," என்று ஆசியா உம்மா கண்ணைத் திறந்தார். "வீட்டிலயும் இப்பிடித்தான். எங்க போனாலும் சுவிட்சை இறக்கிருவாரு. பெருநாளைக்கு மற்ற மகள்ர வீட்ட போயிட்டு வந்து பாத்தா, பிரிஜ்ஜுக்குள்ள இறைச்சியெல்லாம் நாறிக் கிடக்கு."

அடுத்த ஈசிஜியில் கூர்கள் கொஞ்சம் மழுங்கியிருந்தன. இன்சுலின் போய் முடிந்தபோது அம்புலன்சின் சத்தம் கேட்டது. அஸாம் மாமியை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினான். தானும் ஏறக் காலெடுத்து வைத்தவன், மேர்லினைப் பார்த்தான்.

"போ. அங்க டொக்டர் கேட்டா ஒண்டையும் ஒளிக்காத."

வண்டி பாலத்தில் ஏறும்வரை அவள் யன்னலால் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பற்றிக்கின் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டியைச் சுற்றினாள். தொண்ணூறுக்கு அறுபது. ரீச்சரின் நடுக்கம் அடங்கியிருந்தது. மேர்லின் மூன்று மெசின்களிலும் சிவப்பு நாடாவைக் கட்டினாள்.

தொலைபேசி அடிக்க ஒன்றரை மணித்தியாலம் சென்றது. அதற்குள் பற்றிக்கின் அழுத்தத்தை எட்டுத் தரம் பார்த்திருந்தாள்.

"மிஸ்." அஸாம்தான் பேசினான். "பாலத்தில ஒருக்கா நாடி நிண்டு நிண்டு ஓடினது. இப்ப மாமி மெசின்ல. ஒரு மணித்தியாலமாப் போகுது. அலை இறங்கிட்டுதாம். குளிரில்ல."

மேர்லின் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்து, உம்மா தப்பிவிட்டதைப் பற்றிக்குக்கும் ரீச்சருக்கும் சொன்னாள்.

"மிஸ், இருக்கிறீங்களா? தண்ணி வேலையெல்லாம் பதியிற அந்தப் புத்தகம் மேசையில இருக்கி. திங்கட்கிழமைப் பக்கத்தில வழமையான கழுவல் எண்டு எழுதி வைச்சிருக்கன். வெட்டாதீங்க. நான் வந்து அதுக்குக் கீழ என்ர கையால எழுதுறன்."

"என்னெண்டு?"

"மெயின் சுவிட்சை இறக்கினது நான் எண்டு."