சூடாறாத பெட்டி

இரும்பு குளிர்ந்திருக்க வேண்டும். நேற்றுப் பின்னேரத்திலிருந்து சீமெந்துத் தரையில் கிடக்கிற இரும்பு, காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி ஏன் சுடுகிறது? இல்லை, என் கைதான் குளிர்ந்துபோயிற்றோ?

தயாளினி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கையை எடுத்துத் துணியில் துடைத்து மறுபடி வைத்தாள். சூடு அப்படியே இருந்தது.

அது ஒரு பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் பெட்டி. கியர் பெட்டிக்குப் பின்னால் இருந்து, இஞ்சினின் பலத்தை முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது. கிளிநொச்சியிலிருந்து லக்ஷன் கொண்டுவந்து, முள்ளியவளையில் அவள் வாகனம் திருத்துகிற கராச்சில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். ஜீப்பைச் சேற்றுக்குள் இறக்கி ஓட்டுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். முன் சில்லுகள் மட்டும் தனியாக இழுக்கும்படி பெட்டியை மாற்றித் தரவேண்டும் என்றான். அப்படிச் செய்தால் சேற்றில் நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பலாமாம்.

பெரிய வேலையில்லை. பெட்டிக்குள் லீவர் தள்ளுகிற இரண்டு தண்டுகள் இருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் விரல்நகம் அளவில் ஒரு இரும்புக் குச்சி. ஒரு தண்டு நகர்ந்தால் மற்றதை அது மறித்துப் பிடிக்கும். காந்தக் கம்பியால் அதை வெளியே எடுத்துவிட்டால் இரண்டும் தன்பாட்டில் நகரும், இரண்டு லீவர் போடலாம். ஆனால் முன்னை ஒரு வேகத்திலும் பின்னை இன்னொரு வேகத்திலும் தவறிப் போட்டால் பல்லுச் சக்கரம் நொறுங்கும். இதைச் சொன்னபோது, தான் என்ன குழந்தையோ என்று லக்ஷன் கேட்டான்.

"குழந்தையெண்டாப் பயமில்லைத் தம்பி. அதுக்குக் கால் எட்டாது" என்றாள் தயாளினி.

அவன் சிரித்தான். பெட்டி எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, நாயாற்றுப் பக்கம் ஒரு காணியில் இறால் வளர்க்கக் குழி வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வந்தது, மற்றதெல்லாம் இரும்புக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அப்படி மண்ணுக்குள்ளிருந்து வருவது இங்கே புதினமில்லை. அவளும் வேறெதுவும் கேட்கவில்லை.

காலையில் ராக்காயி வந்தாள். அவளுடைய ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வந்து வன்னியில் குடியேறியவர்கள். ஐந்து வருடமாகத் தயாளினியோடு நின்று சாமான்களை டீசலில் கழுவிக் கொடுக்கிறாள். பெட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதும் தொட்டாள். தகரக் கூரை வெயிலை இறக்குது, வேறென்ன என்றாள். இருவருமாகச் சாக்கில் வைத்து இழுத்து வெளியே பாலை மர நிழலில் போட்டார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து ராக்காயி மறுபடி தொட்டாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்குக் கொதி விழுந்திருக்கு தங்கச்சி, யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் சிரிக்கவில்லை.

தயாளினி வேலையைத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். முதலில் ஒயிலை வடிக்க வேண்டும். போர் முடிந்த காலத்திலிருந்து பதினைந்து வருடம் மண்ணுக்குள் கிடந்த பெட்டியில் தண்ணீரும் துருவும் தார் போன்ற ஏதோவும்தான் இருக்கும் என்று பழைய தாச்சியைக் கீழே வைத்து, அடைப்பைத் திருகினாள். நீட்டுப் பிடி தேவைப்படும் என்று நினைத்திருந்தாள். அது கைத்திருகலுக்கே இளகிக்கொடுத்தது.

தேன் நிறத்தில் ஒயில் வந்தது. சூடாக வந்தது. தூர ஓட்டம் ஓடி வந்த வண்டியை நிறுத்தி, உடனே கீழே படுத்து வடித்தால் ஒயில் இப்படித்தான் மெல்லிசாய், நூல் அறாமல் இறங்கும். குளிர்ந்த பெட்டியில் வடியாது, ஓடிவந்த சூட்டிலேயே வடி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் கிருசாந்தன், அவள் புருசன். இரண்டாயிரத்து ஒன்பது மாசியில், கடைசிச் சண்டையில் காயப்பட்ட நாலு பேரை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவன். அந்த நாலு பேரும் வரவில்லை, ஜீப்பும் வரவில்லை.

போல்ட்டுகள் பன்னிரண்டையும் கழற்றினாள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. மரச் சுத்தியலால் ஓரத்தில் தட்டி மெல்லத் தூக்கினாள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த அட்டை இரண்டாகப் பிரிந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்டியபடி வந்தது.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இந்த அட்டைகள் வன்னிக்குள் வருவதில்லை. ஒயில் கசியாமல் இருக்கக் கொப்பி மட்டை, மாப்பெட்டி, எது கிடைத்தாலும் வைப்பார்கள். காகிதத்தை இரும்பின்மேல் விரித்து, ஓரம் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால் இரும்பின் விளிம்பே அதை அளவாக வெட்டிவிடும். பிறகு சவர்க்காரம் பூசி இறுக்குவது. கிருசாந்தன் அந்த ஜீப்புக்கு வெட்டியது அவர்களுடைய கலியாண அழைப்புக் காட் ஒன்றை. முரசுமோட்டையில் நடந்த கலியாணத்தில் கொடுத்தது போக பத்துப் பதினைந்து காட் மிச்சம் கிடந்தது. தடிப்புச் சரியாயிருக்கு என்று எடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கலியாணம் முடிஞ்சுதுதானே, இனி ஆரைக் கூப்பிடப்போறாய்?" என்று கேட்டான். அவள்தான் ரோச் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அட்டை உரிந்த இடத்தில் இரும்பில் எழுத்து இருந்தது. சிவப்பு மை, ஒயிலில் ஊறி, இடம் வலமாகப் பதிந்திருந்தது. ஒரு மூலையில் மஞ்சள் தடவிய கறை. தன்னுடைய பெயரைத் திருப்பி வாசிக்க அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

உள்ளே காந்தக் கம்பியை விட்டுப் பார்த்தாள். நடுக்குச்சி இல்லை. முன்பே எடுத்திருந்தார்கள். அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். ஷெல் பட்டுப் பின் சில்லுகளுக்குப் போகிற நீட்டுத் தண்டு முறிந்ததால், முன் சில்லுகள் மட்டும் இழுக்கும்படி கிருசாந்தன் அந்தக் குச்சியை எடுத்தான். லக்ஷன் விளையாட்டுக்குக் கேட்ட மாற்றத்தை அவன் அன்றைக்கே செய்து முடித்திருந்தான்.

பதினைந்து வருடமாக அவள் அவனை நினைவில் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். ஜீப் ஒழுங்கை முனையில் திரும்புகிறது, அவன் கை வெளியே தெரிகிறது. காணாமல் போனவர்களைத் தேடுகிற வரிசைகளில் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும், கேட்டவர்களுக்கெல்லாம் திகதி சொன்னபோதும், அவளுக்குள் அவன் அந்தத் திருப்பத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகும் அவன் ஓடியிருப்பான், பயந்திருப்பான், முன் சில்லை மட்டும் நம்பி மணலில் இழுத்திருப்பான் என்று அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை. நினைக்காமல் இருந்துகொண்டாள் என்பதுதான் சரி. இந்த ஒயில் இப்போது ஓடிவந்து நின்ற சூட்டில் இருக்கிறது. அப்படியானால் இவ்வளவு நாளும் யார் ஓட்டிக்கொண்டிருந்தது?

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியிலிருந்து முன் சில்லுகளுக்குப் போகிற தண்டு தானாகச் சுற்றியது. வேகமில்லை. வண்டி நிற்கப்போகும்போது சில்லு கடைசியாக உருளுகிற அளவுக்குக் கால்வட்டம் சுற்றி நின்றது.

"நீங்க சுத்தினீங்களா?" ராக்காயி மெல்லக் கேட்டாள்.

"இல்லை."

ராக்காயி கழுவிக்கொண்டிருந்த சாமானைத் தாச்சிக்குள் சத்தமில்லாமல் வைத்தாள். தயாளினி உள்ளே போய்க் கதிரையொன்றைக் கொண்டுவந்து, பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

பின்னேரம் லக்ஷன் வந்தான். குச்சி ஏற்கெனவே எடுத்திருக்கு என்று அவள் சொன்னதும் சந்தோசப்பட்டான். அப்படியென்றால் பழைய அட்டையைச் சுரண்டி, புதிது வைத்து மூடுகிற வேலைதான் மிச்சம், இருட்டுவதற்குள் கொண்டுபோய்விடலாம். மேசையிலிருந்து சுரண்டும் தகட்டை அவனே எடுத்து வந்தான். குனிந்தபோது எழுத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் எழுத்துக் கூட்டினான். பிறகு கராச்சின் பெயர்ப் பலகையில் இருந்த அவளுடைய பெயரைப் பார்த்தான்.

தயாளினி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜீப், மாசி மாதம், நாலு பேர், கலியாணக் காட். குரல் உயரவில்லை. கடைசியில், அந்தக் குழிக்குள் வேறென்ன இருந்தது என்று கேட்டாள்.

லக்ஷன் தகட்டைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றான். தான் நேரில் பார்க்கவில்லை என்றான். இரும்பு எடுக்கப் போனவர்கள் ஏதோ கண்டார்களாம், காணிக்காரர் உடனே மண்ணைத் தள்ளி மூடச் சொன்னாராம், வெளியே தெரிந்தால் பொலிஸ், கோட்டு வழக்கு, தோண்டல் என்று வேலை வருடக்கணக்கில் நிற்குமாம். சொல்லச் சொல்ல அவன் முகம் வேர்த்தது. பெட்டியின் சூட்டை அவனும் உணர்ந்திருக்க வேண்டும். ஒரு அடி தள்ளி நின்றான்.

"அக்கா, உங்கட கவலை எனக்கு விளங்குது" என்றான். "ஆனா உது பேப்பரில இருந்து ஒட்டின மை. சுரண்டினாப் போயிடும். மூடித் தாங்கோ. நானும் பாக்கேல்ல, நீங்களும் பாக்கேல்ல."

தகட்டை அவளிடம் நீட்டினான்.

அவள் அதைப் பார்த்தாள். இரண்டு இழுப்பில் முடிகிற வேலை. இரும்பு வெள்ளையாகிவிடும், புது அட்டை வைப்பாள், பன்னிரண்டு போல்ட்டையும் மாறி மாறி இறுக்குவாள், ஒயில் ஊற்றுவாள். பிறகு பெட்டி கிளம்பும். அதோடு கிருசாந்தனும் கிளம்பிவிடுவான், எங்கே போகிறான் என்று கேட்க ஒருவரும் இல்லாமல்.

"இல்லைத் தம்பி" என்றாள். "நான் சுரண்டமாட்டன்."