எல்லோருக்கும் மேடை

கிளாஸ்கோவின் அந்த நடன விடுதிக்குள் நுழைய ஐல்சாவுக்குப் பதினோரு வருடம் ஆனது. வாசலில் நாலு படி. அவளுக்கோ சக்கர நாற்காலி. ஊரில் மற்ற இடங்களிலெல்லாம் இசைத்தட்டு சுழற்றிப் பேர் வாங்கிய டிஜே அவள். ஆனாலும் இந்த இடத்தில் ஒருமுறையாவது கூட்டத்தை ஆட்டிவைக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அது பலிக்க இருந்தது. மேலாளர் ஃபெர்கஸுக்குச் சமத்துவ ஞானம் திடீரென்று பிறந்திருந்தது. வாசலில் சாய்தளம் போட்டார், கழிப்பறையில் கைப்பிடி வைத்தார், சுவரொட்டியில் ஐல்சாவின் முகத்தைப் பூசணிக்காய் அளவுக்கு அச்சடித்தார். மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பேனர்: ‘எல்லோருக்கும் மேடை.’

அந்த மேடைக்கு ஐந்து படி. சாய்தளம் கிடையாது. சக்கர நாற்காலியில் வருகிறவர் பாட்டுக் கேட்க வருவார் என்று யோசித்தவர்களுக்கு, பாட்டுப் போடவும் வருவார் என்று தோன்றவே இல்லை.

“அதனால என்ன கண்ணு? நாலு பசங்க இருக்காங்க, அலுங்காமத் தூக்கி வெச்சிடுவாங்க” என்றார் ஃபெர்கஸ். “போட்டோகிராபரும் ரெடி.”

“எதுக்கு? நான் பாட்டுப் போடுறத எடுக்கவா, நீங்க என்னைத் தூக்குறத எடுக்கவா?”

“கோவிச்சுக்காதம்மா. எல்லாம் நல்ல மனசோடதான் செய்யுறோம்.”

“நல்ல மனசு இருக்கட்டும். இசைத்தட்டு மேசையக் கீழ இறக்குங்க.”

ஃபெர்கஸ் பதறிப்போனார். “கீழயா? பேனர் படத்துல விழாதே! சாய்தளத்துக்கு நிதி குடுத்தவங்க அதத்தான கேப்பாங்க!”

ஐல்சா வாசலையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பிப் போனால் பதினோரு வருட ஆசை வாசலோடு சரி. தூக்க விட்டாலோ, மூட்டையாக மேடையேறிய படம்தான் ஊர் முழுக்கச் சுற்றும்.

ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆக்னஸ் அதற்குள் வயரை உருவ ஆரம்பித்திருந்தாள். “கீழ வரைக்கும் நீளம் தாராளமா இருக்கு, ஐல்சா. பத்து நிமிஷம் குடு” என்றாள், மேலாளர் பக்கம் திரும்பாமலே.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. முதல் தட்டு சுழன்றதுமே கூட்டம் ஐல்சாவைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஆடியது, மேடைக்கு முதுகைக் காட்டியபடி. வரவேற்புரை சொல்ல மேடையேறிய ஃபெர்கஸ் வாயை அசைத்தது மட்டும் தெரிந்தது. “அதே பாட்ட திருப்பிப் போடு!” என்று கூட்டம் கத்தியது. ஐல்சா சிரித்தபடி ஊசியைத் தூக்கித் தட்டின் தொடக்கத்தில் வைத்தாள்.

பேனர் இல்லாமல் ஒரு படமும் எடுக்கக் கூடாது என்பது போட்டோகிராபருக்கு ஃபெர்கஸ் இட்ட கட்டளை. மனிதர் சொன்னதை அப்படியே செய்தார்.

மறுநாள் விடுதியின் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் வந்தது. ‘எல்லோருக்கும் மேடை.’ அதன் கீழே, தன்னந்தனியாக, ஃபெர்கஸ்.